தாமான் வீட்டுக் கூடத்துக்கு எந்த ரிசீவர், எந்த ஸ்பீக்கர்?

கூடத்தின் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை அடங்கிய பிறகும் ‘ட்ர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு சுவருக்குச் சுவர் ஓடும். தரையெல்லாம் வழவழப்பான ஓடு, இரண்டு பக்கமும் செங்கல் சுவர், முன்னால் கண்ணாடி. ஒலியை விழுங்க அங்கே எதுவும் இல்லை. ஈப்போ கடையில் கம்பளம் விரித்த அறையில் கேட்டு மயங்கி வாங்கிய செட், சுங்கை சிப்புட் வீட்டில் காதைக் குத்துவதற்கு முதல் காரணம் இதுதான். அடுத்தது வெக்கையும் ஈரமும். அதற்கும் அடுத்தது இடி. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் நான்கு வழிகளை எடைபோட வேண்டும்: டிவி ஒலியையும் எடுத்து ஐந்து ஸ்பீக்கர் ஓட்டும் ஏ.வி. ரிசீவர், இரண்டை மட்டும் ஓட்டும் ஸ்டீரியோ ரிசீவர், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்ட் ஸ்பீக்கர் அல்லது சவுண்ட்பார், பழைய பொருள் விற்கும் பண்டல் கடையில் கிடைக்கும் ஜப்பான் செட்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாட்டு முக்கால் பங்கு, படம் கால் பங்கு என்று ஓடும் வீட்டுக்கு ஸ்டீரியோ ரிசீவரும் தரமான இரண்டு ஸ்பீக்கரும்தான் சரி. இரவில் ஆஸ்ட்ரோவில் படம் பார்ப்பதே முக்கியம், சோபாவுக்குப் பின்னால் ஒரு மீட்டராவது காலி இடம் இருக்கிறது என்றால் மட்டும் ஏ.வி. ரிசீவர் பக்கம் போகலாம்.

வாட் என்னும் மாயம்

கடையில் முதலில் காட்டுவது வாட் எண். யமஹா ஆர்.எக்ஸ்-வி385 என்ற ஏ.வி. ரிசீவரின் விவரத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒரே கருவிக்கு மூன்று எண்கள் இருக்கும்: 135 வாட், 100 வாட், 70 வாட். மூன்றும் பொய்யில்லை. 135 என்பது ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலித்தடத்தை மட்டும் ஓட்டி, 10 விழுக்காடு சிதைவை ஏற்றுக்கொண்டு அளந்தது. 100 என்பதும் ஒரே சேனல்தான், சிதைவு 0.9 விழுக்காடு. இரண்டு சேனலும் சேர்ந்து ஓட, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளந்தால் 70. அதுவும் 6 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில். ஐந்து சேனலும் ஒன்றாக முழங்கும்போது இன்னும் இறங்கும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளே இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். ஆகவே ‘இரண்டு சேனல், முழு அலைவரிசை’ என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் ஒப்பிடுங்கள். பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் பெட்டியைத் திருப்பி, எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று பின்னால் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 60 வாட் இழுக்கும் கருவி 1000 வாட்டைத் தொடர்ந்து எங்கிருந்து கொடுக்கும்?

உண்மையில் எவ்வளவு தேவை? 88 டெசிபல் உணர்திறன் (1 வாட்டுக்கு 1 மீட்டரில் தரும் சத்தம்) உள்ள இரண்டு ஸ்பீக்கர், 3 மீட்டர் தள்ளி நாற்காலி. ஸ்பீக்கருக்கு 1 வாட் போனாலே அந்த நாற்காலியில் ஏறத்தாழ 83 டெசிபல் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டிய அளவு அது. தவில் அடி, உறுமி வெட்டு போன்ற திடீர் உச்சங்களுக்கு 95 டெசிபல் வேண்டுமென்றால் 16 வாட் போதும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகிறது என்பதுதான் கணக்கு. இதே சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க 40 வாட் ஆகும், 93 டெசிபல் ஸ்பீக்கரில் 5 வாட்டே போதும். அதனால்தான் ஆம்பின் வாட்டைவிட ஸ்பீக்கரின் டெசிபலை முதலில் பாருங்கள் என்கிறோம்.

ஐந்தா, இரண்டா

கையில் 2500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஏ.வி. ரிசீவருக்கு 1300 போனால் மீதி 1200-ஐ ஐந்து ஸ்பீக்கருக்கும் பாஸ் மட்டும் தரும் ஒரு சப்வூஃபருக்கும் பங்கு போட வேண்டும்: பெட்டிக்கு 200 வெள்ளி. ஸ்டீரியோ வழியில் ரிசீவருக்கு 900 போனாலும், வயருக்கும் ஸ்டாண்டுக்கும் 200 ஒதுக்கியபின் இரண்டு ஸ்பீக்கருக்கு 1400 மிஞ்சும்: பெட்டிக்கு 700. இரண்டும் ஒரே பாட்டைப் பாடினால் எது குரலைக் குரலாகக் கொடுக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இடமும் ஒரு தடை. நம் கூடங்களில் சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும், ஒரு பக்கம் சமையலறைக்குப் போகும் வழி. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் காதை ஒட்டிச் சுவரில் தொங்கினால் படத்தின் மழை நம்மைச் சுற்றிப் பெய்யாது, காதுக்குள் பெய்யும். ஒன்றை நடைவழியில் வைத்தால் அதன் வயரில் யாராவது கால் தடுக்கி விழுவார்கள். நம் வீடுகளில் ஓடும் பழைய பாட்டுகளில் பல, ஒரே சேனலான மோனோவில் பதிவானவை. அவற்றை ஐந்து பெட்டிக்குப் பிரித்து அனுப்பினால் குரல் நடுவில் நிற்காமல் கரைந்துபோகும்.

ஏ.வி. ரிசீவருக்கு உரிய பெருமையையும் சொல்லியாக வேண்டும். டிவியின் ஒலியை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இருப்பதால் டிவிக்கு ஒரே கேபிள், ஒரே ரிமோட். நடு ஸ்பீக்கர் வசனத்தைத் திரையிலேயே நிறுத்தும். காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில் அது பெரிய உதவி. மைக் வைத்து அறையை அளந்து சரிசெய்யும் வசதியும் உண்டு. ஆனால் அளந்து முடித்ததும் மெனுவைத் திறந்து பாருங்கள். 5 அங்குல ஸ்பீக்கரைக்கூடச் சில நேரம் ‘லார்ஜ்’ என்று பதிந்து வைத்திருக்கும். சப்வூஃபர் இருந்தால் அதை ‘ஸ்மால்’ ஆக்கி, எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பிரிப்பு எண்ணை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சின்னக் கூம்பு தூக்க முடியாத பாஸைத் தூக்கப் போய் உளறும்.

ஸ்டீரியோ ரிசீவரில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. யமஹா ஆர்-எஸ்202 நல்ல கருவி: 8 ஓமில் சேனலுக்கு 100 வாட், புளூடூத், ரேடியோ எல்லாம் உண்டு. ஆனால் டிஜிட்டல் நுழைவு இல்லை. இப்போதைய டிவிகள் பலவற்றில் கேபிளில் ஒலி வெளியே வருவது ஆப்டிகல் (ஒளிக் கேபிள்), எச்.டி.எம்.ஐ. போன்ற டிஜிட்டல் வழியாக மட்டுமே. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் இரண்டும் சேராது என்று தெரியும். இடையில், ஆப்டிகலில் வரும் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் டேக் என்னும் கைக்கடக்கமான மாற்றுப் பெட்டி ஒன்று வேண்டும். அதை மாட்டிய பின்னும் சத்தம் வரவில்லை, அல்லது ‘கர்’ என்று இரைகிறது என்றால் டிவியின் ஒலி அமைப்பில் ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டால்பியில் விட்டிருந்தால் டேக்குக்கு அது புரியாது.

மின்னல் எஃப்.எம்., ராகா கேட்காமல் பொழுது விடியாத வீடுகளுக்கு ரேடியோ உள்ள ரிசீவர்தான். குன்றுகள் சூழ்ந்த ஊரில் கூடவே வரும் ஒற்றை வயர் ஏரியல் இரையும். 150 சென்டிமீட்டர் அகலமுள்ள ‘டி’ வடிவ நாடா ஏரியலை வாங்கி, உயரத்தில், படுக்கைவாட்டில் ஒட்டித் திசையை மாற்றிப் பாருங்கள். இரைச்சல் தெளிவாகக் குறையும்.

சவுண்ட்பார், பவர்ட் ஸ்பீக்கர்

செய்தி, நாடகம் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு சவுண்ட்பார் போதும். பாட்டுக்கு அது ஒத்துவராது. இடமும் வலமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் நாதஸ்வரமும் தவிலும் ஒரே இடத்தில் முண்டியடிக்கும். அதே காசுக்கு எடிஃபயர் ஆர்1280டி.பி. போன்ற பவர்ட் ஸ்பீக்கர் மேல்: ஆப்டிகல், புளூடூத் இரண்டும் உண்டு, ஆம்ப் தனியாக வேண்டாம். மொத்தம் 42 வாட், 4 அங்குலக் கூம்பு. படுக்கையறைக்கும் சிறு கூடத்துக்கும் சரி. தீபாவளித் திறந்த இல்லத்தில் ஐம்பது பேர் பேசுவதை மீறிப் பாட வைத்தால் திணறும். உள்ளே போர்டு எரிந்தால் இரண்டு பெட்டியும் சேர்ந்து ஊமை.

பண்டல் கடை

ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய ஆம்ப்களில் முத்துகள் உண்டு. கனத்த டிரான்ஸ்ஃபார்மர், தடித்த அலுமினிய முகம், புதிதாக வாங்கினால் பல மடங்கு விலை. ஆனால் பின்னால் ‘100 வி’ என்று இருக்கும். நம் சுவரில் வருவது 230 வோல்ட். நேராகச் செருகினால் பியூஸ் போனால் பாக்கியம், இல்லையென்றால் கெப்பாசிட்டர் வெடித்துப் புகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்ப் 200 வாட் இழுக்கும் என்றால் 500 வி.ஏ. வாங்குங்கள். சரியாக 200-க்கு வாங்கினால் சூடேறி உறுமும். அதன் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கடையிலேயே இவற்றைச் சோதியுங்கள். சத்தத்தை மிகக் குறைவாக வைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் வராமல் இருந்து, சத்தத்தைக் கூட்டியதும் ‘டப்’பென்று வந்தால், ஸ்பீக்கருக்கு ஒலியை இணைக்கும் ரிலே என்ற உள்சுவிட்சின் முனை கறுத்துவிட்டது. ரிலே மாற்றினால் சரியாகும், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பது ஈரத்தால் வந்த துரு. காண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும். கையில் மல்டிமீட்டர் இருந்தால் பாட்டில்லாமல் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. மில்லிவோல்ட் பாருங்கள்: 50-க்குள் நல்லது, 100-ஐத் தாண்டினால் தொடாதீர்கள்.

பழைய ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியது கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பு. விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் விளிம்பு நம் ஊர் ஈரத்தில் பிசுபிசுத்து, பிறகு பழைய கேக் போல உதிரும். கையோடு கறுப்புத் தூள் வந்தால் அது முடிந்தது. ரப்பர் விளிம்பாக இருந்தால் பல ஆண்டு தாங்கும், புதிய ஸ்பீக்கர் வாங்கும்போதும் ரப்பரையே கேளுங்கள். கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்து நேராக உள்ளே அமுக்கும்போது உரசும் ஓசை கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) சாய்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

எந்த ஸ்பீக்கர்

நம் ஊர் ஆசை 12 அங்குலப் பெட்டி. கோயில் திடலுக்கு அது சரி. 3 மீட்டரில் உட்கார்ந்து கேட்கும் கூடத்தில் நல்ல 5 அல்லது 6½ அங்குல ஸ்பீக்கர் அதைவிடத் தெளிவு. அண்மை ஆண்டுகளில் வந்தவற்றில் மூன்றை ஒப்பிடுவோம். கிளிப்ஷ் ஆர்-51எம்: 93 டெசிபல், சின்ன ஆம்பிலும் துள்ளும், ஆனால் உச்ச ஒலிக்கான ட்வீட்டர் ஹார்ன் (கொம்பு) வடிவம் என்பதால் ஓட்டுத் தரைக் கூடத்தில் மேல் ஒலி கூராகப் படும். கேஇஎஃப் கியூ150: 86 டெசிபல், குரல் அழகு, ஆனால் ஓம் எண் 3.7 வரை இறங்கும், மலிவு ஆம்பைச் சூடேற்றும். வார்ஃப்டேல் டைமண்ட் 12.1: 88 டெசிபல், 8 ஓம், மேல் ஒலி மென்மை. கைதட்டினால் எதிரொலிக்கும் வீட்டுக்கு எங்கள் தேர்வு மூன்றாவது.

கேட்டுப் பார்க்க உறுமி மேளப் பதிவு ஒன்றை எடுத்துப் போங்கள். உறுமியின் இழுப்பு வளைந்து ஏறி இறங்குவது தெரிய வேண்டும். வெறும் ‘பும் பும்’ என்று கேட்டால் பெட்டி தன் சொந்தப் பாஸைப் பாடுகிறது.

ஏ, பி என்று இரண்டு ஜோடிக்கு இடமிருக்கிறதே என்று வீட்டு முன்நடையான அஞ்சடி வரைக்கும் இன்னொரு ஜோடி இழுப்பவர்கள் பின்பலகையைப் படியுங்கள். இரண்டு 8 ஓம் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். பல ரிசீவர்கள் அதற்கு இடம்கொடாமல் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும்.

வயரும் இடமும்

செம்பு வயர், 1.5 சதுர மில்லிமீட்டர். 10 மீட்டர் ஓடினாலும் போகவர மொத்தத் தடை கால் ஓமுக்குள் நிற்கும். 0.75 வயரில் அது ஏறத்தாழ அரை ஓம், பாஸின் பிடி தளரும். மலிவு வயரில் ‘சி.சி.ஏ.’ என்று இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், முனையும் சீக்கிரம் பூத்துப்போகும். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

முனையை 1 சென்டிமீட்டர் மட்டும் உரித்து இறுக முறுக்குங்கள். ஓர் இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலே ஆம்ப் அணைந்துவிடும். மாட்டி முடித்ததும் பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் நடுவில் நின்றால் சரி. குரல் எங்கே என்று தெரியாமல் பாஸும் மெலிந்திருந்தால் ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது.

சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில், ஏறத்தாழ 90 முதல் 100 சென்டிமீட்டரில் இருக்கட்டும். முன்னால் ஒரு தடித்த விரிப்பு, சன்னலுக்குக் கனத்த திரை. இந்த இரண்டும் கைதட்டலின் ‘ட்ர்ர்ர்’ரைக் குறைப்பதுபோல் ஆயிரம் வெள்ளி கூடுதல் ஆம்பும் குறைக்காது. சப்வூஃபரைப் பக்கத்து வீட்டுக்குப் பொதுவான சுவரில் ஒட்டாதீர்கள்.

ரிசீவரைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைக்கவும் கூடாது. மேலே 20 சென்டிமீட்டராவது காற்று வேண்டும். தகரக் கூரை வீட்டில் மதிய வெக்கையோடு உள்சூடும் சேர்ந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும். 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது அந்தப் பொருளின் குணம். வெதுவெதுப்பைத் தேடிப் பல்லியும் வரும். காற்றுத் துளை வழியே இறங்கி இரண்டு முனையை ஒன்றாக மிதித்தால் அதுவும் சாகும், போர்டும் போகும். கண் அகன்ற நைலான் வலையை மேலே போட்டு, மாதம் ஒருமுறை தூசு தட்டுங்கள்.

வானம் கறுத்ததும் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும். பழைய லயத்து வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு முதலில் அளக்கச் சொல்லுங்கள். மின்கம்பி வழியாக மட்டுமல்ல, ஆஸ்ட்ரோ தட்டின் கேபிள் வழியாகவும் இடி வரும். தட்டிலிருந்து ஆஸ்ட்ரோ பெட்டிக்கு, அந்தப் பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே ரிசீவருக்கு. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போன வீடுகளில் எச்.டி.எம்.ஐ. போர்டு எரிவது இப்படித்தான். தட்டின் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள்.