மூக்குத்தி மட்டும் பளிச்: 50 எம்எம் லென்ஸோடு ஆறு வருடம்

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு, கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் விலையெல்லாம் சரிந்து கிடக்கிறது. போன வாரம் நண்பன் ஒருவன் செகண்ட்ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) ஒன்றின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "இதோட ஒரு 50 எம்எம் 1.8 போட்டா போதும்ல, நீ அதைத்தானே வச்சிருக்க?" என்று கேட்டான். அதைத்தான் வைத்திருக்கிறேன், ஆறு வருடமாக. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இது. கம்பெனி பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 50 எம்எம்-இல் 5.6 வரைதான் திறக்கும், இது 1.8 (எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும்), கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். ஃபிளாஷ் போடாமல் வீட்டுக்குள் படம் எடுக்கலாம் என்பதே எனக்கு இந்த லென்ஸ் வந்த பிறகுதான் தெரியும். எடை கையில் தெரியாது. கிராப் சென்சாரில் (படம் பதியும் சில்லு சின்னதாக இருக்கும் கேமராவில்) போட்டால் பார்வை குறுகி 75 எம்எம் மாதிரி ஆகிவிடும், அதனால் எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேரை நிற்க வைத்து எடுக்க நான் சமையலறைக்குள் போய் நிற்க வேண்டும். அது பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று. ஃபோகஸ்.

வாங்கிய வருடம் கார்த்திகைக்கு அம்மா வாசலில் அகல் ஏற்றும்போது ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து இருபது படம் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாமே அற்புதம். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், மூக்குத்தி ஊசி மாதிரி பளிச்சென்று இருக்கிறது, கண் இரண்டும் பனிமூட்டத்தில். இருபதிலும் அப்படித்தான். ஒரு மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் தெளிவாக விழும் பகுதி மொத்தமே சுமார் மூன்று செ.மீ. தான், பாதி முன்னால், பாதி பின்னால். முகத்தில் மூக்கும் கண்ணும் அதற்குள் சேர்ந்து அடங்காது. சரி, தப்பு என்மேல்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் என்னென்ன செய்தேன் தெரியுமா. நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டி கேமராவைத் திருப்பும் பழக்கத்தை விட்டேன் (திருப்பும்போதே இரண்டு செ.மீ. போய்விடும்), புள்ளியையே கண்மேல் நகர்த்தி வைக்கப் பழகினேன். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை விட்டு முடித்த இடத்தில் பட்டனை அழுத்தினேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஆடாத ஆளுக்கு 1/100 வினாடி, குழந்தைகளுக்கு 1/250 என்று வைத்தேன். அந்த 1/100-க்கு இன்னொரு காரணமும் உண்டு: நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும், அதைவிட வேகமாகப் போனால் கல்யாண மண்டபத்துப் படங்களில் கோடு கோடாக விழலாம். பிறகு 1.8-இல் எடுப்பதையே விட்டு 2.8-க்கு வந்தேன், வாய் சுருங்கினால் தெளிவாக விழும் பகுதி கூடும். படம் தேறியது! பார்த்தாயா, ஆசைதான் காரணம் என்று என்னையே திட்டிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். 1.8-க்குக் காசு கொடுத்துவிட்டு 2.8-இல் எடுத்தேன் என்று இப்போது எழுதும்போது வயிறு எரிகிறது.

உண்மை தெரிந்தது ஐந்து தீப்பெட்டியால். டைனிங் டேபிளில் ஒவ்வொன்றையும் இரண்டு செ.மீ. பின்தள்ளி, படிக்கட்டு மாதிரி சாய்வாக நிறுத்தி, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, 1.8-இல் நடுப்பெட்டிக்கு ஃபோகஸ் வைத்து எடுத்தேன். தெளிவாக வந்தது அதற்கு முன்னால் இருந்த பெட்டி. பத்து தடவை எடுத்தும் அதே பெட்டி. லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) வைத்து எடுத்தால் மட்டும் நடுப்பெட்டி கச்சிதமாக வந்தது, ஏனென்றால் அங்கே சென்சாரே நேரடியாகப் பார்த்து ஃபோகஸ் செய்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் அந்த வேலையைச் செய்வது கேமராவின் அடியில் இருக்கும் வேறொரு சென்சார். 2.8 ஏன் உதவியது என்பதும் அப்போதுதான் புரிந்தது: தவறு இரண்டு செ.மீ., 2.8-இல் கிடைக்கும் இடைவெளி அதை மட்டுமட்டாக மூடிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் வைத்திருந்து, "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் பில் உண்டு. கடைசியில் ஒரு சின்னக் கடையில், பழைய ஃபிலிம் கேமராக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார்: "லென்ஸ் கொஞ்சம் முன்னாடி, பாடியும் கொஞ்சம் முன்னாடி தம்பி. தனித்தனியா பார்த்தா ரெண்டும் பாஸ், சேர்ந்தாத்தான் வம்பு." உள்ளே கண்ணாடிக்கு அடியில் ஒரு குட்டி ஸ்க்ரூவை ஆலன் கீயால் கடுகளவு திருப்பினார். இருபது நிமிடம். ஆக, தப்பு என்மேல் இல்லை, லென்ஸும் பாதிக் குற்றவாளிதான். (இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், அது எல்லா லென்ஸுக்கும் ஃபோகஸை மாற்றிவிடும். பாடியில் ஃபோகஸ் ஃபைன் ட்யூன் மெனு இருந்தால் அதிலேயே சரிசெய்யலாம். என்னுடையது மாதிரி அடிமட்ட மாடல்களில் அது பெரும்பாலும் இருக்காது.)

நண்பனுக்கு: வாங்காதே டா. அதே காசுக்குக் கொஞ்சம் சேர்த்து ஒரு பழைய மிரர்லெஸ் வாங்கு, அதில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தத் தலைவலியே கிடையாது. என் லென்ஸையாவது கொடு என்று கேட்காதே, தரமாட்டேன்.

ரிப்பேர் முடிந்து வந்தது போன கார்த்திகைக்குச் சரியாக இரண்டு நாள் முன்னால். அதே வாசல், அதே ஒரு மீட்டர், தைரியமாக 1.8. அம்மாவின் கண்ணுக்குள் சுடர் தெரிகிறது, இமைமுடியை எண்ணலாம். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்டா, மூக்குத்தி மட்டும் மங்கலா இருக்கு? வைரம்டா அது. முன்னாடியெல்லாம் நல்லா எடுப்பியே."