பங்கர் (கப்பல் எரிபொருள்) எடுக்கும்போது சாம்பிள் பாட்டிலை விட்டுக்கொடுக்காதீர்கள்

கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்ப்பவர்களும், கரையில் எண்ணெய் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களும் தயவுசெய்து படியுங்கள். எங்களுக்கு வந்த எண்ணெய் ஒரு நல்ல மெயின் இன்ஜினைச் சீரழித்துவிட்டது.

எண்ணெயோடு சப்ளையர் தரும் டெலிவரி நோட்டில் குறை ஒன்றும் இல்லை. சல்ஃபர் 0.50 சதவீதத்துக்குள், டென்சிட்டியும் சரி. ஆனால் அந்தத் தாளில் கேட் ஃபைன்ஸ் அளவு இருக்காது. சுத்திகரிப்பு ஆலையில் கனமான எண்ணெயைப் பிளக்கப் பயன்படும் வினையூக்கியின் தூள் அது. அலுமினியமும் சிலிக்கானும் கலந்தது, லைனரின் (சிலிண்டரின் உள்சுவர்) வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. கப்பல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217 தரப்படி, ஆர்எம்ஜி 380 என்ற கனரக எண்ணெயில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம். இன்ஜினுக்குள் போகும்போது 15-க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள் இன்ஜின் தயாரிப்பாளர்கள். மீதியைப் பிரித்தெடுப்பது, எண்ணெயைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் பியூரிஃபயரின் பாடு.

ஆய்வக முடிவு வந்தபோது 60-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. பழைய எண்ணெயோ தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பியூரிஃபயரையும் சேர்த்து ஓட்டினோம். அவற்றில் எண்ணெய் பாயும் வேகத்தைக் குறைத்து, 98 டிகிரி சூட்டில் வைத்தோம். அழுக்கு அடியில் படியும் செட்டிலிங் டேங்கை விடாமல் வடித்தோம். அப்புறம் கடல் கொந்தளித்தது. டேங்க் அடியில் படிந்திருந்ததெல்லாம் கலங்கி மேலே வந்துவிட்டது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன, லைனரில் கீறல்கள், ஃபியூவல் பம்ப் பிளஞ்சர்கள் இறுகிப்போயின. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் ஆபத்து கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும்தான்.

சப்ளையர் சொன்ன பதில்: பார்ஜில் (எண்ணெய் கொண்டுவந்த படகு) எடுத்த சாம்பிள் சரியாக இருக்கிறது, ஒப்பந்தப்படி அதுதான் செல்லும், புகார் கெடுவும் முடிந்துவிட்டது. இது அநியாயம். ஆனால் ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கப்பலின் மானிஃபோல்டில் (எண்ணெய் உள்ளே வரும் குழாய் வாய்) எடுத்த சாம்பிளே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். லைனர் தேய்மானம் தெரியவரவே நாளாகும் என்பதால், கெடு எத்தனை நாள் என்பதையும் அப்போதே பாருங்கள்.

பங்கர் நடக்கும் நேரம் முழுக்க மானிஃபோல்டில் சொட்டுச் சொட்டாகச் சாம்பிள் விழ வேண்டும். முன்கூட்டியே நிரப்பிய பாட்டில்களை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் எதிர்ப்புக் கடிதம் கொடுங்கள். சீல் எண்களை டெலிவரி நோட்டில் எழுதவையுங்கள். மார்போல் (கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி அந்த நோட்டை 3 வருடம், சாம்பிளைக் குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும்.

வழக்கமான சோதனையில் பாஸானால் மட்டும் நிம்மதியாக இருக்க முடியாது. 2022-இல் சிங்கப்பூரில் குளோரின் சேர்மங்கள் கலந்த எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போனது. வழக்கமான சோதனைகளில் அது பிடிபடவில்லை. புது எண்ணெயைக் காலி டேங்கில் தனியாக ஏற்றுங்கள், முடிவு வரும்வரை தொடாதீர்கள். அதற்குத் தேவையான பழைய எண்ணெய் கையிருப்பில் இருக்கும்படி ஆர்டர் போடுவது கரை அலுவலகத்தின் கடமை.