நைபால்: பிஸ்வாஸ்ல ஆரம்பிக்கவா, ரிவர்லயா?

2018 ஆகஸ்ட்ல நோபல் வாங்குன இங்கிலீஷ் எழுத்தாளர் வி.எஸ். நைபால் இறந்தப்போ பாதி பேரு மேதைன்னு உருகுனாங்க, மீதி பேரு ஆப்பிரிக்காவையும் பெண் எழுத்தாளர்களையும் மட்டம் தட்டுன ஆளுக்கு எதுக்கு அஞ்சலின்னு கேட்டாங்க, நடுவுல மாட்டுனவங்க அவரோட இந்த ரெண்டு நாவல்ல எதை முதல்ல படிக்கிறது?

பக்கம்:
'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' (1961) – 500 தாண்டும்.
'எ பெண்ட் இன் தி ரிவர்' (1979) – கிட்டத்தட்ட பாதி.

ஈரம்:
பிஸ்வாஸ் – கரீபியன் தீவு ட்ரினிடாட், நைபாலோட அப்பா சாயல்ல ஒரு மனுஷன். மகளுக்கு ஆசையா வாங்கிட்டு வந்த பொம்மை வீட்டைப் பொண்டாட்டியே உடைச்சுப் போடுவா, அங்க புக்கை மூடி வச்சுட்டேன்.
ரிவர் – ஆத்தோர ஆப்பிரிக்க ஊரு, கடைக்காரன் சலீம். வறட்சிதான்.

ஆள் பிடிக்கல, எழுத்து வேணும்னா பிஸ்வாஸ். ஏன் திட்டுறாங்கன்னு பாக்கணும்னா ரிவர்.