சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம்: வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்தபோது

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊருக்குப் பணம் அனுப்புகிற நாம், அனுப்பும் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறோம். இன்றைக்கு ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) எத்தனை ரூபாய், கட்டணம் உண்டா, எந்தச் செயலியில் முதல் முறைக்குச் சலுகை என்று ஒப்பிட்டு, பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். மறுமுனையில் நம் அம்மாவோ அப்பாவோ அந்தப் பணத்தைக் கையில் வாங்குவதற்கு என்ன பாடுபடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. இந்த விடுமுறையில் ஊரில் இருந்தபோது தம்பி அனுப்பிய பணத்தை வாங்க அம்மாவுடன் போனேன். அந்த ஒரு நாள் அனுபவத்தை விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

வீட்டு ஓடு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், 80,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த தொகையைத் தம்பி நேரில் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் முறையில் அனுப்பியிருந்தான். ரகசிய எண்ணை அம்மா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஆதார் அட்டை, அதன் நகல், பான் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் உள்ள, அந்தப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முகவரின் அலுவலகத்துக்குத் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். சர்வர் வரவில்லை என்று முதலில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு அங்கிருந்த இளைஞர் அம்மாவின் ஆதாரைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். இரண்டாவது சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"பேரு மேட்ச் ஆகலைம்மா. அனுப்பினவங்களையே மாத்தித் தரச் சொல்லுங்க."

காரணம் நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். அம்மாவின் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தாக இனிஷியல் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அதே எழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது. தம்பி பயன்படுத்திய செயலி குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடுவதில்லை, அந்தக் கட்டத்தில் ஒற்றை எழுத்தையும் ஏற்பதில்லை. எனவே அப்பாவின் முழுப் பெயர் அங்கே போயிருக்கிறது. குடும்பப் பெயரே இல்லாத ஒரு சமூகம் பல பத்தாண்டுகளாகச் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி வருகிறது. இன்னும் அந்தப் படிவத்தை யாரும் திருத்தவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

தம்பி கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான்; வேலை நேரத்தில் கைபேசி லாக்கரில் இருக்கும். மதிய இடைவேளையில்தான் செய்தியைப் பார்த்துப் பெயரை மாற்றிக் கொடுத்தான். வெயிலில் வீட்டுக்கு வந்து, மறுபடி பிற்பகலில் போனோம். இம்முறை பெயர் சரியாக இருந்தது. அப்போதுதான் வேறொரு ஊழியர் தொகையைப் பார்த்துவிட்டு, 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, காசோலையாகத்தான் தர முடியும் என்றார். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? தொகை காலையிலும் அதே திரையில்தான் இருந்தது.

விதியின் மீது எனக்குக் குறை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து முகவரிடம் வாங்கும் இந்த வகைப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்புகள் தெளிவானவை: ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலருக்கு மேல் கூடாது, ஒருவர் ஆண்டுக்கு 30 முறைக்கு மேல் பெறக் கூடாது, 50,000 ரூபாய் வரைதான் ரொக்கம், அதற்கு மேல் என்றால் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோதான் வர வேண்டும். இவற்றை ஒரு பலகையில் தமிழில் எழுதி வாசலில் மாட்டினால் எத்தனை பேருடைய நடை மிச்சமாகும்! சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மாலை எவ்வளவு நெரிசல் இருந்தாலும், அன்றைய விலை வாசலிலேயே மின்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும்; வரிசையில் நிற்கும்போதே எந்தத் தாள் வேண்டும் என்று கேட்டுவிடுவார்கள். நம் ஊரில் ஆட்கள் அன்பாகத்தான் பேசுகிறார்கள். அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் தகவலை மட்டும் தவணை முறையில் தருகிறார்கள்.

அப்பா வெளிநாட்டில் இருந்த காலத்தில் பதிவுத் தபாலில் டிராஃப்ட் வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குவார். அதை வங்கியில் போட்டால் பணமாக மாற வாரக்கணக்கில் ஆகும். மெதுவானதுதான். ஆனால் வங்கியில் இருந்தவர்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும், இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த நாட்களை நினைத்து மனம் ஏங்கத்தான் செய்தது.

அன்று மாலை அக்கம்பக்கத்தில் சிலர், உண்டியலில் (வங்கி வழியாக வராத ஹவாலா முறையில்) போட்டால் வீட்டுக்கே வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று அறிவுரை சொன்னார்கள். அது 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதமானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பணம் வராமல் போனால் யாரிடம் முறையிடுவது? நாளைக்கு மனை வாங்கும்போது பணம் எப்படி வந்தது என்று கேட்டால் எந்தத் தாளைக் காட்டுவது? வயதான பெற்றோரை இந்த ஆபத்தில் மாட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

எதிர்பாராத மகிழ்ச்சி மறுநாள் வந்தது. அம்மா மருந்துக் கடையிலும் பால்காரரிடமும் யுபிஐயில் பணம் கொடுப்பதைப் பார்த்தபோதுதான், சிங்கப்பூரில் கைபேசியிலேயே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதியான பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் 2023 பிப்ரவரி 21 முதல் இணைக்கப்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது. தொடக்கத்தில் ஆறு இந்திய வங்கிகள் மட்டுமே பணம் பெறும் பக்கம் இருந்தன. 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கை 19 ஆனது. அம்மாவின் வங்கி அதில் இருந்தது. தம்பியின் வங்கியும் இந்த வசதியைத் தருகிறது. அம்மாவின் யுபிஐ முகவரியை அவனுக்கு அனுப்பினேன். அவன் அதைத் தட்டியதும் வங்கியில் உள்ளபடியே அம்மாவின் பெயர் திரையில் வந்துவிட்டது. குடும்பப் பெயருக்கான கட்டமே அங்கே இல்லை. அவன் தொலைபேசியை வைப்பதற்குள் அம்மாவின் கைபேசி ஒலித்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குறுஞ்செய்தியை இரண்டு முறை படித்தார். ஒரு நாளைக்கு 1,000 வெள்ளிதான் வரம்பு என்பதால் மீதியை அடுத்த நாள் அனுப்பினான்.

விலை இதைவிடச் சற்று நன்றாக உள்ள வழிகள் இருக்கலாம். ஒப்பிடும்போது "கட்டணம் இல்லை" என்ற வாசகத்தை நம்பாமல், 1,000 வெள்ளி கொடுத்தால் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்பதை ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கு 60 காசு குறைந்தாலே 600 ரூபாய் போய்விடுகிறது. அந்த நிறுவனம் சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் உரிமம் பெற்றதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனாலும் எழுபது வயதைத் தாண்டியவரைப் பேருந்தில் ஏற்றி இரண்டு நடை அலைய வைத்து மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாயை நான் லாபமாகக் கருதமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய தொகை கணக்கில் வந்தால் வரி பிடித்துவிடுவார்கள் என்ற பயம் ஊரில் பரவலாக இருக்கிறது. அம்மா ரொக்கத்தையே விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் பெற்றோருக்கு அன்பளிப்பாக அனுப்பும் பணத்துக்கு, தொகை எவ்வளவானாலும், பெற்றோர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வரும் வட்டிதான் அவர்களுடைய வருமானக் கணக்கில் சேரும். இதை அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கிய பிறகே அவர் முகம் தெளிந்தது.

இப்போது மாதச் செலவு யுபிஐ வழியாகப் போகிறது. மருத்துவம், வீட்டு வேலை போன்ற பெரிய செலவுக்கு நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறோம். கிளம்புவதற்கு முன் அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போய், ஆதாரில் உள்ளபடியே கணக்கிலும் பெயரை மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன்.