லைனிலேயே பால் வால்வைப் பிரிக்க: த்ரீ பீஸா, டாப் என்ட்ரியா?

பால் வால்வில் (ball valve: நடுவே துளையுள்ள உருண்டை, அதாவது பால், திரும்பி ஓட்டத்தை அடைக்கும் வால்வு) சீட், அதாவது உருண்டையை ஒட்டி நின்று கசிவைத் தடுக்கும் வளையம், தேய்ந்து கசிய ஆரம்பித்தால், பைப்போடு போல்ட் போட்டு இணைத்த சாதாரண பிளேஞ்ச் வால்வைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். ஒரு அங்குல வால்வு என்றால் கவலையில்லை. 12 அங்குலம் என்றால் செயின் பிளாக், சாரம், இரண்டு பக்கமும் புது கேஸ்கட் என்று வேலை நீளும். போல்ட்டைக் கழற்றியதும் பைப் விலகிக்கொண்டால் திரும்பப் பொருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

2 அங்குலம் வரை எனக்கு, உடல் மூன்று துண்டாகப் பிரியும் த்ரீ பீஸ்தான். முனைத்துண்டுகள் இரண்டும் பைப்போடு நிற்கும். ஒரு போல்ட்டைத் தளர்த்தி மற்ற மூன்றை உருவினால், நடு உடல் கதவு மாதிரி வெளியே திரும்பும். சீட் கைக்கு வந்துவிடும். ஒரு ஃபிட்டர் போதும். வெல்டிங் முனை என்றால், பற்றவைக்கும் முன் நடு உடலை எடுத்துவிடுங்கள். டெஃப்லான் சீட் அந்தச் சூட்டைத் தாங்காது.

பெரிய அளவில் டாப் என்ட்ரி. உடல் ஒரே வார்ப்பு, பைப்போடு வெல்டிங்; போனட்டை (மேல் மூடியை) திறந்து பாலை மேலே தூக்கவேண்டும். விலையும் எடையும் கூடுதல். ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் சீட்டைப் பாலின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால்தான் பால் வெளியே வரும், திரும்ப உள்ளேயும் இறங்கும். அதற்கு அந்த வால்வுக்கென்றே ஒரு டூல் வேண்டும். அது ஸ்டோரில் இல்லையென்றால், போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கவேண்டியதுதான். அப்புறம், தலைக்கு மேலே இடம். பால் நேராக எழும்பும் உயரத்தில் கேபிள் ட்ரே ஓடினால் டாப் என்ட்ரி வாங்கியும் பயனில்லை.

எதுவானாலும், லைனிலேயே பிரிப்பது என்றால் பிரஷரோடு பிரிப்பது இல்லை. லைனை அடைத்து வடித்த பிறகும் பாலைச் சுற்றியுள்ள குழியில் பிரஷர் சிக்கி நிற்கலாம். அந்தக் குழியின் அடியில், ஸ்பேனர் எட்டும் இடத்தில் டிரெயின் பிளக் வைக்காத வடிவமைப்பை நான் ஏற்கமாட்டேன்.

கழற்றும் வகையிலும் ஒரு நல்லது உண்டு. மாற்று வால்வு தயாராக இருந்தால் உடனே மாட்டிவிட்டு, பழையதை ஒர்க்‌ஷாப் மேசையில் நிதானமாகச் சரிசெய்து, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்க்கலாம். லைனில் சரிசெய்த வால்வுக்கு அந்த வசதி இல்லை. லைனை நிரப்பித்தான் கசிவு பார்க்கவேண்டும்.

12 அங்குல வெல்டிங் லைனில் கழற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. அங்கே நான் டாப் என்ட்ரிதான் எழுதுவேன், டூலும் அதே பர்ச்சேஸ் ஆர்டரில் வரவேண்டும் என்ற வரியோடு.