வீட்டுப் பராமரிப்பு யாருடைய சொற்படி நடக்க வேண்டும்? ஒரு நீண்டகாலப் பயனாளர் குடும்பத்தின் அனுபவம்

யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் தேடுபவர்கள் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு என்பதைத்தான். பாரிசவாதத்தால் இடப்பக்கம் பலவீனமான என் தாயாருக்காக, கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டில், முதலில் ஒரு நிறுவனத்தின் ஊடாகவும் பின்னர் நாங்களே ஆள் அமர்த்தியும் சில ஆண்டுகளாக இச்சேவையைப் பெற்றுவருகிறோம். ஆளையும் நேரத்தையும் வேலையின் முறையையும் தீர்மானிப்பவர் யார் என்பதையே முதலில் கேட்குமாறு நான் சொல்வேன்.

நிறுவனம் அனுப்பிய பெண்களிடம் குறைசொல்ல அதிகமில்லை. ஆனால் குளிப்பு காலை ஏழு மணிக்கு என்று அவர்களுடைய படிவத்தில் இருந்தது. மார்கழிக் குளிரில் வெயில் ஏறியபின் குளிக்கிறேன் என்று அம்மா கேட்டபோது, அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். முன்னறிவித்தல் இன்றி ஆள் மாறும்போதெல்லாம் அம்மா தன் உடம்பைப் புதிதாக விளக்க வேண்டியிருந்தது: கட்டிலிலிருந்து எழும்பும்போது கதிரை வலப்பக்கம் இருக்க வேண்டும், தாங்குபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும், சட்டை போடும்போது இடக்கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அதே கை கடைசியாக வெளியே வர வேண்டும். நாத் தடுமாறும் ஒருவருக்கு இவ்வளவையும் சொல்லி முடிப்பதே ஒரு நாள் வேலை.

மெல்பேணில் வாழும் என் தங்கை தன் மாமியாரின் சேவையைப் பற்றிச் சொன்னவை எங்களுக்கு உதவின. அவுஸ்திரேலியாவில் 2015 யூலை முதல் அரச வீட்டுப் பராமரிப்புப் பொதிகள் (முதியவர் ஒருவரின் வீட்டுச் சேவைகளுக்கு அரசு ஒதுக்கும் நிதி) அனைத்தும் பயனாளரின் விருப்பப்படி திட்டமிடப்படும் முறைக்கு மாறின. வழங்குநர் மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 2017 பெப்ரவரி 27 முதல் அந்த நிதி பயனாளரின் பெயருக்கே ஒதுக்கப்பட்டதால், பிடிக்காத நிறுவனத்தை விட்டு வேறொன்றுக்குப் போக முடிந்தது. 2025 நவம்பரில் புதிய திட்டமொன்று அதன் இடத்துக்கு வந்துவிட்டது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி, பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி ஒரு சபையிடம் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கு வருபவர் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அந்தச் சபையின் அலுவலன்று. எங்கள் வீட்டில் செலவாவது எங்கள் பணம் என்பதால், பொறுப்பை அம்மாவிடம் கொடுக்க எவருடைய உத்தரவும் தேவைப்படவில்லை.

நாங்களே ஆள் எடுத்தபோது கேள்விகளை அம்மாவே கேட்டார். வந்த ஒரு பெண்ணிடம், “பிள்ளை, நான் கதைச்சு முடிக்குமட்டும் பொறுத்திருப்பீரோ?” என்றார். சான்றிதழ்களைப் பற்றி நாங்கள் தயாரித்து வைத்திருந்த கேள்விகளைவிட அது நல்ல கேள்வி. அந்தப் பெண்தான் இப்போதும் வருகிறார். சம்பளத்தை அம்மா தன் கையாலேயே கொடுக்கிறார். நேரமும் வேலையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதியப்படுகின்றன. உறவினர் வந்து நிற்கும் நாட்களில் மிச்சமாகும் மணித்தியாலங்களைச் சேர்த்து வைத்து, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கூட்டம் குறைந்த ஒரு காலைப் பூசைக்குச் சக்கர நாற்காலியில் போய்வந்தார். பழைய ஒப்பந்தத்தில் இதற்கு இடமிருக்கவில்லை.

தீர்மானிக்கும் உரிமையில் மறுக்கும் உரிமையும் அடங்கும் என்பது குடும்பத்தாருக்குக் கசப்பானது. மாலை உடற்பயிற்சியை அம்மா நிறுத்தியபோது அண்ணன் கோபித்துக்கொண்டார். இயன்மருத்துவரிடம் அம்மாவே பேசி, அதைக் காலையில் இரண்டு பகுதிகளாகச் செய்வதென்று முடிவாயிற்று.

நேரடி ஏற்பாட்டின் பெரிய குறை, அந்தப் பெண் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் இல்லாதது. அன்று வீட்டில் ஒருவர் வேலைக்கு லீவு போட வேண்டும். பகலில் வருபவரையே இரவிலும் விழித்திருக்கச் சொல்வது நியாயமாகாது என்பதால், இரவுத் துணைக்கு இன்றும் நிறுவனத்திடமே ஆள் எடுக்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் மட்டும், ஆளை மாற்றுவதானால் முதல்நாளே அம்மாவுக்கு அறிவிக்க வேண்டும் என்றொரு வரியை எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கிறோம்.