ஹால் முழுக்கக் கேட்ட அம்மாவின் சுகர்

பெங்களூர் டிராஃபிக்கைப் பற்றி எழுதினால் யாருக்கும் புதிதாக இருக்காது. அல்சூரில் அம்மாவின் சுகர் கிளினிக்கில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டருக்குத் திரும்பி வந்தும் கோபம் அடங்கவில்லை.

டோக்கன் முறை உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் முன்னால் பாதி ஹால் உட்கார்ந்திருக்கும். அது பழக்கம்தான். டாக்டர் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரை. ரிப்போர்ட்டைப் பிரித்தவர், "ஒன்பது புள்ளி ரெண்டு! ஏம்மா, இந்த வயசுலயும் வாயைக் கட்ட முடியாதா? நாளைக்குக் கால் போச்சுன்னா மக ஃபாரின்லேருந்து வந்து தூக்கிட்டுப் போவாளா?" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். வெளியே வந்தால் கவுண்டர் பையன் தன் பங்குக்குக் கன்னடத்தில், "ஷுகர் ஜாஸ்தி ஆகிதே அம்மா" என்றான். அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் கணவருக்கும் டைப் 2 தான். இங்கே லெஸ்டரில் ஆண்டுப் பரிசோதனையில் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுத்தான் எண்ணைச் சொல்வார். "இதோடு காலம் தள்ளுவது எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். 2018-இல் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இங்கிலாந்து, சர்க்கரை உள்ளவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு வழிகாட்டியே போட்டது. அதற்காக இங்கே எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். மனநலத்துக்கான பேச்சு சிகிச்சைக்கு நாமே பெயர் கொடுக்கலாம், அப்புறம் காத்திருக்க வேண்டும். அல்சூரில் காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து மதியம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பிவிடுகிறார்கள், இங்கே நடக்குமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஒரு நோட்டில் தினமும் குளுக்கோமீட்டர் அளவை எழுதுகிறார். 118, 121, 116. முத்து முத்தான கையெழுத்து. சும்மா மீட்டரின் மெமரி பட்டனை அழுத்திப் பார்த்தேன். 243, 198, 260. ஏன்மா என்றால், "நோட்டையும் பாத்துட்டுத் திட்டுவாரு. எழுதுறதையாவது நல்லா எழுதலாம்னு" என்கிறார். ஒன்பது புள்ளி ரெண்டு என்று காட்டிய, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையிடம் இந்த நோட்டு எடுபடுமா? திட்டியதால் சர்க்கரை குறையவில்லை, உண்மை மட்டும்தான் ஒளிந்துகொண்டது. கல்யாண வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாராம். பந்தியில் இலையைப் பார்த்து நாலு பேர் கணக்கு எடுக்கிறார்களாம்.

சர்க்கரையோடு வாழ்வதில் வரும் இந்தச் சலிப்பை அளக்கக் கருவி இல்லாமல் இல்லை. 'பெய்ட்' என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் 1995-இலேயே வந்துவிட்டது. 100-க்கு 40 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். இந்தச் சலிப்பு மனச்சோர்வு நோயும் அல்ல. ஊசி, மாத்திரை, பத்தியம், பயம் என்று நோயைச் சுமந்தே வரும் களைப்பு. மனச்சோர்வு தனி. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனே சர்க்கரையை ஏற்றிவிடும் என்பது டாக்டருக்குத் தெரியாததா?

அவரிடமே மனநிலையைப் பற்றிக் கேட்டேன். "டென்ஷன் எல்லாருக்கும் இருக்கும்மா" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் இருக்கும் ஊர் பெங்களூர்! அந்த நிமான்ஸை உச்ச மையமாக வைத்து 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நான் உள்ளேயே இருந்தேன், ஒட்டுக் கேட்கவில்லை (முயற்சி செய்தேன், பக்கத்து வீட்டு மிக்ஸி விடவில்லை). திரும்பி வந்து, "நல்ல பொண்ணு. சுகர் எவ்வளவுன்னு கேக்கவே இல்ல" என்றார்.

மறுபடி கூப்பிடுவாரா, தெரியாது. வேறு டாக்டர் பார்க்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டிருக்கிறேன். இந்திராநகரில் ஒருவர் உட்கார வைத்துப் பேசுவாராம். ஃபீஸ் மட்டும் இரண்டு மடங்கு என்று இப்போதே முனகுகிறான்.